மில்லில் விபத்து நடந்தால் செலவு எங்கே கூடுகிறது: ஒரு காப்புறுதி முகவரின் அனுபவம்

"தங்கச்சி, வருஷா வருஷம் கட்டுகிறேன், ஒருத்தருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறையாவது குறைத்துத் தாருங்கள்."

சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் அரிசி ஆலை வைத்திருப்பவர்களிடம் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதியைப் புதுப்பிக்கப் போனால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மின்கட்டணமும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறிய ஏற்றத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயத்துக்குக் காசு கட்டுவது யாருக்கும் கசக்கத்தான் செய்யும். நான் மட்டக்களப்பில் இருந்துகொண்டு மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரண்டு மாவட்டத்திலும் பொதுக் காப்புறுதி செய்கிற முகவர். அரிசி ஆலைகள், மரக்காலைகள், கட்டட ஒப்பந்தக்காரர்கள்தான் என் வாடிக்கையாளர்களில் அதிகம். பிரீமியத்தில் பேரம் பேசி மிச்சம் பிடிக்கக்கூடியது கொஞ்சம்தான் என்பதை இத்தனை வருஷத்தில் பார்த்துவிட்டேன். பெரிய காசு போவது வேறு இடங்களில். அவற்றில் பல முதலாளியின் கையிலேயே இருக்கின்றன. முகவர் ஒழுங்காக வேலை செய்தால் அதை முன்கூட்டியே காட்டித்தர முடியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். காப்புறுதி எடுத்தால்தான் நட்டஈடு, எடுக்காவிட்டால் இல்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நட்டஈடு கொடுக்கும் கடமை 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தில் இருந்து வருகிறது. வேலை காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்து ஆள் காயப்பட்டால் முதலாளி கொடுக்க வேண்டும். காப்புறுதி எடுப்பது உங்கள் விருப்பம். எடுக்காவிட்டால் அந்தக் காசு உங்கள் சொந்தப் பையிலிருந்து போகும், அவ்வளவுதான். 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது நட்டஈட்டின் உச்சத் தொகையை 5,50,000 ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள். வேலைக்கு வரும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நடக்கும் விபத்தையும் உள்ளே கொண்டுவந்தார்கள். நடுத்தரமான ஓர் ஆலைக்கு 20 இலட்சம் என்பது ஒரு போகத்து இலாபத்தையே விழுங்கிவிடக்கூடிய தொகை.

சரி, காசு எங்கே போகிறது என்று வருவோம்.

நான் முதலில் பார்ப்பது சம்பளப் பட்டியலைத்தான். இந்தக் காப்புறுதியின் பிரீமியம் வருஷத்துக்கு நீங்கள் கொடுக்கப்போகும் மொத்தச் சம்பளத்தின் மேல், தொழிலுக்குத் தொழில் வேறுபடும் ஒரு வீதத்தில் கணக்கிடப்படுகிறது. அதனால் பட்டியலைச் சுருக்கிக் காட்டினால் பிரீமியம் குறையும் என்பது எல்லோருக்கும் உடனே தோன்றும் யோசனை. ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிற பெயர்களை மட்டும் கொடுப்பார்கள். பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் நெல் வந்து குவியும்போது எடுக்கிற நாட்கூலி ஆட்கள், மூட்டை தூக்கும் நாட்டாமைகள், களத்தில் அவித்த நெல்லைக் காயப்போட்டுக் கிளறும் பெண்கள், இவர்கள் யாரும் அதில் இருக்கமாட்டார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிரந்தர ஆட்கள் பன்னிரண்டு பேர், தலைக்கு மாதம் 45,000 ரூபா. வருஷத்துக்கு 64,80,000. சீசனுக்கு 15 பேர், நாளுக்கு 2,000 ரூபா, 60 நாள். அது 18,00,000. மொத்தம் 82,80,000 ரூபா. கணக்குக்காக வீதம் நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால், சீசன் ஆட்களை மறைப்பதால் மிச்சமாவது 18,000 ரூபா. இப்போது மறுபக்கம். சம்பளத்தைக் குறைத்துக் காட்டியது தெரிந்தால் காப்புறுதி நிறுவனம் அதே விகிதத்தில் கோரிக்கையையும் குறைக்கலாம். பத்து இலட்சம் ரூபா நட்டஈடு என்றால் இரண்டு இலட்சத்துக்கு மேல் நீங்களே போட வேண்டி வரும். காயப்பட்டவர் பட்டியலிலேயே இல்லாத ஆள் என்றால் நிலைமை இன்னும் சிக்கல். "நாட்கூலிதானே, அவருக்கெல்லாம் சட்டம் வராது" என்பதும் பிழை. உங்கள் தொழிலுக்காக அவரை வேலைக்கு எடுத்திருந்தால் அவரும் தொழிலாளிதான். நாட்டாமைகளை ஒரு தலைவர் மூலம் கூட்டமாக எடுத்தாலும் பொறுப்பு உங்களை விட்டுப் போகாது. முதலில் நீங்கள் கொடுத்துவிட்டு அந்தத் தலைவரிடம் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் அவரிடம் இருக்குமா என்பது உங்களுக்கே தெரியும்.

அதே பட்டியலில் நியாயமாக மிச்சம் பிடிக்கவும் இடமிருக்கிறது. ஒரு மரக்காலையில் கணக்கு எழுதும் பிள்ளை, காசு வாங்கும் பெண், வாள் இயந்திரத்தில் நிற்கிறவர் எல்லோருக்கும் ஒரே தொழில் வகை போட்டு, வாள் இயந்திரத்துக்கான கூடிய வீதத்தில் வருஷக்கணக்காகக் கட்டி வந்திருந்தார்கள். பிரித்து எழுதியதும் பிரீமியம் இறங்கியது. வருஷக் கடைசியில் உண்மையான சம்பளத் தொகையை அறிவித்தால் கூடக் கட்டியதைச் சரிபண்ணித் தரும் ஏற்பாடு பல ஒப்பந்தங்களில் உண்டு. அந்த அறிவிப்பை அனுப்புகிறவர்கள் குறைவு. ஒரு தாள்தான், ஆனால் யாரும் நினைவூட்டாவிட்டால் மறந்துபோகும். அதை நினைவூட்டுவது முகவரின் வேலை. உங்கள் முகவர் நினைவூட்டாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

இரண்டாவதாக ஆலையைச் சுற்றி ஒரு நடை. இதைச் செய்யாமல் நான் ஒரு புதிய ஆலையையும் எடுப்பதில்லை. எனக்கு இயந்திரவியல் படிப்பு இல்லை. ஆனால் போகப் போகக் கண் பழகிவிட்டது. நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டரின் அடிப்பெட்டியில் நெல் அடைத்துக்கொண்டால் யார் கையை உள்ளே விடுகிறார்? மோட்டார் நின்றிருக்கும்போது மறுபக்கத்தில் நிற்பவர் சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும்? பெல்ட் ஓடும் இடத்தில் மூடி இருக்கிறதா, இருந்தால் கழற்றி மூலையில் சாத்தி வைத்திருக்கிறார்களா? தூசி பறக்கும் இடத்தில் வயர் எப்படிப் போகிறது? தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கம், ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குப் பாதுகாப்பு மூடி இருக்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டது. நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

நான் பார்த்த கைக் காயங்களில் பெரும்பங்கு அடைத்துக்கொண்ட நெல்லை எடுக்கும் நேரத்தில்தான் நடந்திருக்கிறது. அதற்கு மருந்து மலிவானது. மெயின் சுவிட்சில் பூட்டுப் போடும் வசதி, ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. கையை உள்ளே விடுகிற ஆள் பூட்டிவிட்டுச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பெல்ட்டுக்கு மேல் கம்பிவலைக் கூடு ஊரில் உள்ள வெல்டிங் கடையிலேயே செய்யலாம். கூட்டைக் கழற்றாமலே கிரீஸ் போடக்கூடிய மாதிரி ஒரு சின்னக் கதவு வைக்கச் சொல்லுங்கள். கிரீஸ் போட ஒவ்வொரு முறையும் நான்கு போல்ட் கழற்ற வேண்டுமென்றால் ஒரு மாதத்தில் அந்தக் கூடு மூலைக்குப் போய்விடும். ஆட்களைத் திட்டி ஆகாது.

மூட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுபது, எழுபது கிலோ நெல் மூட்டையை முதுகில் ஏற்றிப் பலகையில் நடக்கிற ஆட்களின் இடுப்பும் முழங்காலும் ஒரே நாளில் போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போகின்றன. பலகை வழுக்கி விழுவது மட்டும்தான் விபத்தாகக் கணக்கில் வரும். அகலமான பலகை, அதில் குறுக்குச் சட்டம், லொறித் தட்டின் உயரத்துக்கு ஒரு மேடை, முடிந்தால் தள்ளுவண்டி. இவற்றைச் செய்த ஆலைகளில் நாட்டாமைகள் ஒவ்வொரு சீசனும் அதே ஆட்களாகத் திரும்பி வருகிறார்கள். சீசனில் ஆள் கிடைக்காமல் லொறிகள் காத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்புத் தெரியும்.

இப்போது நான் அதிகம் பேச விரும்புகிற விஷயத்துக்கு வருகிறேன். விபத்து நடந்த முதல் சில மணி நேரம்.

ஓர் ஆலையில் இளைஞர் ஒருவருக்கு பெல்ட்டில் விரல் சிக்கியது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். எப்படி நடந்தது என்று அவசர சிகிச்சைப் பிரிவில் கேட்டபோது, கூடப் போனவர், "வீட்டில் தண்ணீர் மோட்டாரில் மாட்டிவிட்டது" என்று சொல்லிவிட்டார். பொலிஸ் வரும், முதலாளிக்குப் பிரச்சினை வரும் என்ற பயம். காயப்பட்ட பையனும் தலையாட்டினான். முதலாளி மேல் அவனுக்கு நல்ல மரியாதை, அவர் நல்ல மனிதரும்கூட. யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை அவன் படுக்கைச் சீட்டில் ஏறிவிட்டது. சில வாரம் கழித்து விரல் இனி மடங்காது என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. கோரிக்கைப் படிவத்தில் ஆலை விபத்து, வைத்தியசாலைப் பதிவில் வீட்டு விபத்து. இரண்டும் பொருந்தாத கோரிக்கையை எந்த நிறுவனம் கண்ணை மூடிக்கொண்டு கட்டும்? கூட வேலை செய்தவர்களின் சத்தியக் கடதாசி, மறுபடி விசாரணை, மறுபடி மருத்துவ அறிக்கை என்று மாதக்கணக்கில் இழுத்தது. அதுவரை அந்தக் குடும்பத்துக்கு முதலாளி கையிலிருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் முடிந்தது. ஆனால் உண்மையை முதல் நாளே சொல்லியிருந்தால் இந்த அலைச்சலில் ஒரு பங்குகூட வந்திராது.

அதனால் என் வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிய தாள் கொடுத்திருக்கிறேன். தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கச் சொல்வேன். ஆளை வைத்தியசாலைக்கு அனுப்பும்போது பொறுப்பான ஒருவர் கூடப் போக வேண்டும், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, எதையும் தொடாமல் கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும். பார்த்தவர்கள் யார், அந்த நேரம் யார் எங்கே நின்றார்கள் என்பதை அன்றைக்கே எழுதி ஒப்பம் வாங்க வேண்டும். எனக்கு அன்றைக்கே சொல்ல வேண்டும், இரவானாலும் பரவாயில்லை. ஆள் மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயமென்றால் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கும் அறிவிக்க வேண்டும். மரணம் என்றால் சொல்லவே வேண்டாம். அந்த அறிவித்தலை அனுப்பத் தயங்குகிறவர்கள் நிறைய. அனுப்பாமல் விட்டது பின்னால் தெரியவரும்போதுதான் உண்மையான தலைவலி தொடங்கும்.

மரணம் பற்றி ஒன்று. ஓர் ஒப்பந்தக்காரரின் ஆள் கட்டட வேலையில் இறந்தபோது, ஊர்ப் பெரியவர்களை வைத்து மனைவியிடம் கணிசமான தொகையைக் கையில் கொடுத்தார். இனி ஒரு உரிமையும் கேட்கமாட்டோம் என்று ஒரு கடிதமும் எழுதி வாங்கினார்கள். நல்ல மனத்தோடு கொடுத்த காசுதான். ஆனால் மரண நட்டஈட்டைத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும், தங்கி வாழ்ந்தவர்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்பதை ஆணையாளர்தான் தீர்மானிப்பார். சட்டம் தரும் உரிமையைக் கடிதம் எழுதி விட்டுக்கொடுக்கவும் முடியாது. அவர் கையில் கொடுத்ததில் பெரும்பகுதி நட்டஈட்டுக் கணக்கில் சேரவில்லை, மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. செத்த வீட்டுக்கு உதவ வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. செய்யுங்கள், செய்யத்தான் வேண்டும். ஆனால் அதை நட்டஈடு என்று நினைத்துச் செய்யாதீர்கள். அந்தப் பிள்ளைகளின் பங்கு பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சட்டம் அப்படி வைத்திருக்கிறது.

இங்கே என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். "பழைய ஆள்தான், அவனாகக் கேட்கமாட்டான்" என்று சொல்லித் தொழிலாளிக்குச் சேர வேண்டியதை மறைக்க நினைப்பவர்களுக்கு நான் உதவமாட்டேன். அப்படி ஒரு வாடிக்கையாளரை விட்டும் இருக்கிறேன். படிவங்கள் ஆங்கிலத்தில் வரும். காயப்பட்டவர் வாசிக்காமல் ஒப்பம் வைப்பார். நான் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, அவர் மனைவியையோ தாயையோ பக்கத்தில் இருக்க வைத்துத்தான் ஒப்பம் வாங்குவேன். இதனால் கோரிக்கைகள் தாமதமானதில்லை. விளங்கி ஒப்பம் வைத்தவர் பிறகு வழக்கறிஞரைத் தேடிப் போவதும் குறைவு.

சிகிச்சை நடக்கும் காலத்திலும் செலவு ஓடிக்கொண்டிருக்கும். தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு அரைமாதத்துக்கு ஒரு கொடுப்பனவு உண்டு. ஆள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் அது கூடும். இதைக் குறைக்க ஒரு நல்ல வழி இருக்கிறது, ஒரு கெட்ட வழியும் இருக்கிறது. கெட்ட வழி, ஆறாத காயத்தோடு ஆளைக் கூப்பிட்டு மூட்டை தூக்க வைப்பது. நல்ல வழியை அம்பாறை மாவட்டத்தில் ஓர் ஆலையில் பார்த்தேன். குதிக்கால் எலும்பு முறிந்த ஒரு மூத்த தொழிலாளி. உமி நீக்கும் ரப்பர் ரோல்களின் இடைவெளியைச் சரியாக வைக்க அந்த ஆலையில் அவருக்கு மட்டும்தான் கை வரும். அவர் இல்லாமல் அரிசி உடைந்துகொண்டே இருந்தது. நான் சொன்னதன் பேரில் முதலாளி கிளினிக்குக்குக் கூடப் போய், ஆலையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை என்னென்ன இருக்கிறது என்று வைத்தியரிடம் விளக்கினார். உட்கார்ந்த வேலை செய்யலாம், நிற்கவோ தூக்கவோ கூடாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். தராசுப் பக்கத்தில் கதிரை போட்டு, நெல் நிறுத்து எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். அங்கிருந்தபடியே ஒரு இளைஞனுக்கு ரோல் வைக்கவும் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு வருமானம் நின்றுபோகவில்லை, ஆலைக்கு இரண்டாவது ஆள் கிடைத்தார். வைத்தியர் எழுதியதைத் தாண்டி ஒரு மூட்டையைக்கூடத் தொடச் சொல்லக்கூடாது, அதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

கோரிக்கை முடிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது, இதை வெளியில் யாரும் பேசுவதில்லை. கோரிக்கை வந்தவுடன் நிறுவனம் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கும். ஆள் சுகமாகி வேலைக்குத் திரும்பிய பின்னும் கடைசித் தாள் ஒன்று போகாததால் அந்த ஒதுக்கு அப்படியே கிடக்கும். புதுப்பிக்கும் நேரத்தில் உங்கள் கோரிக்கை வரலாற்றைப் பார்க்கிறவருக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரியும், வீதம் ஏறும். புதுப்பிப்புக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே கோரிக்கைப் பட்டியலை எடுத்து, எது முடிந்தது எது கிடக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வீதிப் பயணமும் இப்போது உங்கள் கணக்கு என்பதால் வேலை நேரத்தையும் யோசிக்க வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு வேலைக்கு வருகிறவர்கள் இருட்டில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிறார்கள். அந்தப் பக்கத்தில் யானை வீதிக்கு வரும் நேரம் எதுவென்று அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். மாலை வேலையை முக்கால் மணி நேரம் முன்னே இழுத்த ஒரு முதலாளி, அதைக் காலையில் ஈடுசெய்துகொண்டார். குருமண்வெளி, மண்டூர் ஓடத்துறையில் கடைசி ஓடத்தைப் பிடிக்க ஓடுகிற அவசரமும் அதோடு போனது.

முகவரால் செய்ய முடியாதவையும் உண்டு. நட்டஈடு எவ்வளவு என்று தீர்மானிப்பது நாங்கள் இல்லை. குடிபோதையில் இருந்தார், பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினார் என்பது போன்ற விதிவிலக்குகள் சட்டத்தில் இருக்கின்றன. அதை வைத்துக் கொடுப்பனவை மறுக்கலாம் என்று அவசரப்படாதீர்கள், நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல். எங்களுக்குக் கிடைப்பது பிரீமியத்திலிருந்து வரும் கமிஷன் என்பதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். அதனால் முகவர் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். மருத்துவச் செலவு சேர்ந்திருக்கிறதா, தொழிலாளி நீதிமன்றம் போனால் அந்தப் பொறுப்பும் சேர்ந்திருக்கிறதா, போக்குவரத்து விபத்து எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிற முகவரை மாற்றலாம்.

இப்போது என் ஆலைக்காரர்களில் பலருக்குப் புதுப்பிக்கும் திகதியை மார்கழிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். பெரும்போக நெல் வருவதற்கு முன் அது ஓய்வான காலம். இயந்திரங்கள் நின்றிருக்கும், கூடு அடிக்கவும் பலகை மாற்றவும் நேரம் இருக்கும், சீசனுக்கு எத்தனை ஆள் எடுக்கப்போகிறோம் என்ற கணக்கும் கையில் இருக்கும். உங்கள் திகதி அறுவடை நடுவில் விழுகிறதென்றால் இந்த வருஷமே மாற்றிக் கேளுங்கள், ஒரு கடிதம் போதும்.